சித்தப்பா, அந்த பழைய போனை மட்டும் லாக்அவுட் பண்ணிடாதீங்க

சித்தப்பாவுக்கு,

போன்ல சொன்னா நீங்க "சரி சரி"ன்னு தலையாட்டுவீங்க (நீங்க தலையாட்டுறது எனக்கு எப்படி தெரியும்னு கேக்காதீங்க, பக்கத்துல சித்தி இருக்காங்க), மறுநாளே அதே கேள்விய வேற மாதிரி கேப்பீங்க, அதனால இந்த தடவ எழுதியே போட்டுடறேன். தனியா அனுப்பாம இங்க பொதுவுல போடறதுக்கு காரணம் என்னன்னா, உங்கள மாதிரி எனக்கு இன்னும் நாலு பேர் இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதி மாளாது. உங்க பேர எங்கயும் போடல, கோவிச்சுக்காதீங்க.

அன்னைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு "டேய், கம்ப்யூட்டர்ல போட்டோ எல்லாம் காணாம போச்சுடா"ன்னு நீங்க கூப்பிட்டப்ப நான் முதல்ல ஹார்ட் டிஸ்க்தான் போயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் ஒவ்வொன்னா கேட்டு கேட்டுதான் விஷயம் வெளிய வந்துச்சு. "ஸ்டோரேஜ் ஃபுல்"னு மெசேஜ் வந்திருக்கு, நீங்க பிரௌசர்ல போய், கிளவுட்ல இருக்கற போட்டோ ஃபோல்டர அப்படியே செலக்ட் பண்ணி டெலீட் அடிச்சிருக்கீங்க, கேட்டா "அதான் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருக்கே"ன்னு சொல்றீங்க. தப்பு உங்க மேல மட்டும் இல்ல, ஏன்னா அத பேக்கப்னு சொல்லித்தான் எல்லாரும் பேசறாங்க, ஆனா அது பண்றது சிங்க் (sync), அதாவது ரெண்டு பக்கத்தயும் எப்பவும் ஒரே மாதிரி வச்சுக்கறது. கண்ணாடி முன்னாடி நின்னு மீசைய எடுத்தா உள்ள இருக்கறவருக்கும் மீசை போயிடும்ல, அவ்வளவுதான் விஷயம். இங்க அழிச்சா அங்க அழியும், அங்க அழிச்சா இங்க அழியும். ஒரு ஃபைல தெரியாம கெடுத்து சேவ் பண்ணிட்டா கெட்டுப்போன அதே ஃபைல்தான் அங்கயும் போய் உக்காரும். பேக்கப்னா நீங்க இங்க என்ன கூத்தடிச்சாலும் அது பாட்டுக்கு அசையாம ஒரு இடத்துல கிடக்கணும்.

உங்க நல்ல நேரம், உங்க கிளவுட்ல அழிச்சதெல்லாம் 30 நாள் ட்ராஷ்ல, அதான் அதோட குப்பைத்தொட்டில, கிடக்கும், நீங்க கூப்பிட்டது 23வது நாள். இதுல பெரிய தமாஷ் என்னன்னா, ட்ராஷ்ல இருக்கறதும் இடத்த அடைச்சுக்கும், அதனால இடம் பத்தலன்னா விவரம் தெரிஞ்சவங்க முதல்ல ட்ராஷத்தான் காலி பண்ணுவாங்க. உங்களுக்கு ட்ராஷ்னு ஒன்னு இருக்கறதே தெரியாததாலதான் அத்தனை போட்டோவும் தப்பிச்சுது.

சரி, இடம் ஏன் ரொம்புதுன்னு கேட்டீங்க. ஜிமெயில்ல ஓசியா குடுக்கற 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்ல, மெயில், ஃபைல் போட்டு வைக்கிற கூகிள் ட்ரைவ், கூகிள் போட்டோஸ் மூணுக்கும் சேர்த்து ஒரே பாத்திரம். ஆண்ட்ராய்டு போன்ல வாட்ஸப் பேக்கப் முன்னாடி இதுல கணக்கு ஆகாது, 2024லேர்ந்து அதுவும் ஆகுது, அதனால குரூப்ல வர்ற குட் மார்னிங் படம் எல்லாம் உங்க 15ல தான் பங்கு கேக்குது. (2004 ஏப்ரல் 1ம் தேதி ஜிமெயில் வந்தப்ப 1 ஜிபி தர்றோம்னு சொன்னத நிறைய பேர் ஏப்ரல் ஃபூல்னு நினைச்சாங்களாம், இன்னைக்கு 15ம் பத்தல.) பாத்திரம் ரொம்பிடுச்சுன்னா புது மெயில் உள்ள வராது, அனுப்பினவருக்கே திரும்பி போயிடும், உங்களுக்கு ஒன்னும் தெரியாது. அதனால அடுத்த தடவ மெசேஜ் வந்தா போட்டோ பக்கம் போகாதீங்க, மெயில்ல தேடற பெட்டில லார்ஜர்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு கோலன் வச்சு இடைவெளி விடாம 10எம்னு போடுங்க, 10 எம்பிக்கு மேல இருக்கற மெயிலா வரிசையா வரும், அதுல வேண்டாதத தூக்குங்க. இன்னொன்னு, "உங்க மெயில்பாக்ஸ் ஃபுல், இங்க க்ளிக் பண்ணுங்க"ன்னு மெயில்லயே வந்தா அத தொடவே தொடாதீங்க, நீங்களா ஜிமெயில திறந்து கீழ எவ்வளவு ஜிபின்னு பாத்துக்கோங்க, பாஸ்வேர்ட் திருடறவனும் அதே வாசகத்ததான் எழுதறான்.

இப்ப எனக்கு நிஜமாவே வயித்த கலக்கின விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்கு எத்தனை ஈமெயில் அக்கவுண்ட் இருக்குன்னு கேட்டப்ப "ஒன்னுதான்டா"ன்னு சொன்னீங்க. தோண்டிப் பாத்தா நாலு. ஒவ்வொரு தடவ புது போன் வாங்கறப்பவும் பழைய பாஸ்வேர்ட் ஞாபகம் வராம கடைக்காரர் "புதுசா ஒன்னு போட்டுடலாம் சார்"னு போட்டு குடுத்திருக்காரு, உங்க பேரு, பேரோட 1, பேரோட பிறந்த வருஷம், கடைசியா பேர தலைகீழா போட்டு ஒன்னு. அதுல முதல் அக்கவுண்ட்லதான் பாட்டி போட்டோ இருக்கு, காண்டாக்ட் பாதி ரெண்டாவதுல, பேங்க் மெயில் வர்றது மூணாவதுக்கு. கூகிள் 2023ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, ரெண்டு வருஷம் ஒரு அக்கவுண்ட திறக்கவே இல்லன்னா அதையும் உள்ள இருக்கறதயும் சேர்த்து அழிக்கலாம்னு, அந்த டிசம்பர்லேர்ந்து அழிக்கவும் ஆரம்பிச்சாச்சு. அதனால அந்த முதல் அக்கவுண்ட்டுக்குள்ள உடனே போகணும்.

ஆனா போறதுக்கு பாஸ்வேர்ட் தெரியாது, ஃபர்காட் பாஸ்வேர்ட் அடிச்சா கோட் போற நம்பர் நீங்க எப்பவோ தூக்கி போட்ட சிம். அந்த நம்பர் இப்ப வேற யார் கைலயாவது இருக்கலாம், அப்படின்னா உங்க அக்கவுண்ட்டுக்கு வழிகாட்டற கோட் யாருக்கோ போகும். நல்லவேளை, மேஜ டிராயர்ல கிடக்கற உடஞ்ச ஸ்க்ரீன் போன்ல அந்த அக்கவுண்ட் இன்னும் லாகின்ல இருக்குன்னு சித்தி கண்டுபிடிச்சாங்க. அந்த போன் இப்ப உங்க வீட்டுலயே விலை ஒசந்த பொருள். ரீசெட் பண்ணாதீங்க, லாக்அவுட் பண்ணாதீங்க, "ஸ்பேஸ் இல்ல"ன்னு எதையும் அழிக்காதீங்க, சார்ஜ்ல போட்டு வையுங்க. ஏற்கனவே லாகின்ல இருக்கற மெஷின்லேர்ந்து போனாதான் கூகிள்காரங்க நம்புவாங்க, முன்பின் தெரியாத கம்ப்யூட்டர்லேர்ந்து பத்து தடவ தப்பு பாஸ்வேர்ட் அடிச்சா சந்தேகம்தான் ஜாஸ்தியாகும்.

உள்ள போனதும் ரெக்கவரி நம்பர மாத்துவோம், மாத்தினாலும் ஒரு வாரம் வரைக்கும் பழைய நம்பருக்கு கோட் அனுப்பட்டுமான்னு அது கேக்கலாம், பயப்படாதீங்க. பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேக்கற டூ ஸ்டெப்ப ஆன் பண்ணினா பேக்கப் கோட்ஸ்னு பத்து நம்பர் தருவாங்க, ஒவ்வொன்னும் எட்டு இலக்கம், ஒரு நம்பர ஒரு தடவதான் பயன்படுத்த முடியும். அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போன்ல வைக்கிறவங்க இருக்காங்க (நானே ஒரு காலத்துல வச்சிருந்தேன்), போன் தொலஞ்சா கோடும் சேர்ந்து தொலையும், பீரோ சாவிய பீரோக்குள்ள வச்சு பூட்டின கதை. பேப்பர்ல எழுதுங்க சித்தப்பா. பாஸ்வேர்ட பேப்பர்ல எழுதவே கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லி சொல்லி பயமுறுத்தி வச்சிருக்காங்க, அது ஆபீஸ் மேஜைக்கு சரி. உங்க அக்கவுண்ட குறிவைக்கிறவன் எங்கயோ உக்காந்திருக்கான், அவன் உங்க பீரோவ திறந்து டயரிய புரட்டப் போறதில்ல.

அதே டயரில இன்னொரு நம்பரும் எழுதணும். உங்க புது லேப்டாப் விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு ஆரம்பிச்சீங்கல்ல, அப்ப உங்கள கேக்காமயே டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்க, அதாவது கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்க, வாய்ப்பு ஜாஸ்தி. திருடன் கைக்கு போனா நல்லதுதான், ஆனா என்னைக்காவது ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் நீல ஸ்க்ரீன்ல "ரெக்கவரி கீ குடு"ன்னு நின்னா 48 இலக்க நம்பர் ஒன்னு வேணும், அது அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்குள்ளதான் இருக்கும். அந்த அக்கவுண்ட எந்த ஈமெயில வச்சு தொறந்தீங்க? அதே நாலுல ஒன்னு. அந்த ஈமெயில் போச்சுன்னா அக்கவுண்ட், அக்கவுண்ட் போச்சுன்னா கீ, கீ போச்சுன்னா டிஸ்க்ல இருக்கற அத்தனையும். ஃபைல் பத்தி கேட்டா இவன் ஏன் ஈமெயில் பத்தியே பேசறான்னு அன்னைக்கு சலிச்சுக்கிட்டீங்களே, அதுக்கு பதில் இதுதான்.

டிஸ்க் விஷயம் சுலபம். 3-2-1னு ஒரு கணக்கு சொல்வாங்க, மொத்தம் மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகை சாதனத்துல, அதுல ஒன்னு வீட்டுக்கு வெளிய. உங்களுக்கு லேப்டாப்ல ஒன்னு, வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒன்னு, கிளவுட்ல ஒன்னு. கிளவுட் சிங்க்தானேன்னு கேப்பீங்க, கரெக்ட், ஆனா வீட்டுல தண்ணி புகுந்தாலோ லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒரே பையில திருடு போனாலோ அதுதான் மிச்சம். நீங்க வாங்கி வச்ச 1 டிபி டிஸ்க் கம்ப்யூட்டர்ல 931 ஜிபின்னு காட்டுதுன்னு கடைக்காரர திட்டினீங்க பாருங்க, பாவம் அவரு, டிஸ்க் செய்யறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணறாங்க, விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாசம் ஒரு தடவ சொருகி, காப்பி பண்ணி, கழட்டிடுங்க. கண்ட்ரோல் பேனல்ல ஃபைல் ஹிஸ்டரின்னு ஒன்னு இருக்கு, அத அந்த டிஸ்க்குக்கு ஆன் பண்ணி வச்சா மாறின ஃபைல மட்டும் அதுவே எடுத்துக்கும், பழைய வெர்ஷனும் இருக்கும். கழட்டறதுதான் முக்கியம், சொருகியே வச்சிருந்தா பேக்கப்பும் லேப்டாப்போட ஒரு பாகம்தான், 2017ல வான்னாக்ரைன்னு ஃபைல பூட்டி வச்சு பணம் கேக்கற வைரஸ் வந்தப்ப அது சொருகியிருந்த டிஸ்க்குல இருந்ததயும் சேர்த்துதான் பூட்டுச்சு. டிஸ்க்லேர்ந்து கடக் கடக்னு சத்தம் வந்தா மறுபடி மறுபடி சொருகி பாக்காதீங்க, அப்படியே எடுத்து வச்சிட்டு என்ன கூப்பிடுங்க.

மெயிலையும் ஒரு காப்பி எடுத்து வைக்கலாம், கூகிள் டேக்அவுட்னு 2011லேர்ந்தே இருக்கு, கேட்டா மொத்த மெயிலையும் எம்பாக்ஸ்னு ஒரு ஃபைலா கட்டி லிங்க் அனுப்புவாங்க, ஒரு வாரத்துல லிங்க் செத்துடும், அதுக்குள்ள இறக்கிடணும். டபுள் க்ளிக் பண்ணா திறக்காது, தண்டர்பேர்ட்னு ஒரு மெயில் சாஃப்ட்வேர் போட்டு அதுல ஒரு ஆட்-ஆன் சேர்த்து திறக்கணும், அத நான் பாத்துக்கறேன்.

எடுத்த பேக்கப் திறக்குதான்னு ஒரு தடவயாவது பாக்கணும், இதுல நீங்க மட்டும் இல்ல, பெரிய ஆளுங்களே கோட்டை விட்டிருக்காங்க. கிட்லேப்னு ஒரு கம்பெனி, நிறைய ப்ரோக்ராமருங்க கோட் போட்டு வைக்கிற இடம், 2017 ஜனவரி 31ம் தேதி ஒருத்தர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ அழிச்சிட்டாரு. சரி பேக்கப்லேர்ந்து எடுப்போம்னு போனா, தினமும் ஓடறதா நினைச்ச பேக்கப் சாஃப்ட்வேர் வெர்ஷன் ஒத்துப்போகாம ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு, வச்சிருந்த இடம் காலி. ஃபெயில் ஆகுதுன்னு சிஸ்டம் ஒழுங்கா மெயில் அனுப்பியிருக்கு, ஆனா அந்த மெயில சர்வர் உள்ளயே விடாம தள்ளியிருக்கு, யார் கண்ணுலயும் படல. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் வேற எதுக்கோ எடுத்து வச்ச காப்பிதான் காப்பாத்துச்சு. அதனால அந்த டிஸ்க்க சித்தியோட கம்ப்யூட்டர்ல சொருகி பழைய போட்டோ ஒன்னு, புது போட்டோ ஒன்னு, ஏதாவது ஒரு வேர்ட் ஃபைல் ஒன்னு திறந்து பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொன்னு சொல்லணும், சொல்ல கொஞ்சம் வாய் கூசுது. இதெல்லாம் சித்திக்கும் தெரியணும். டயரி எங்க இருக்குன்னு அவங்களுக்கு தெரியணும். கூகிள்லயே இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒன்னு இருக்கு, மூணு மாசமோ ஆறு மாசமோ ஒரு வருஷமோ நீங்க அக்கவுண்ட் பக்கமே வரலன்னா நீங்க சொன்ன ஆளுக்கு தகவல் போகும், வேணும்னா போட்டோ மெயில் எல்லாம் அவங்க எடுத்துக்கலாம், பத்து பேர் வரைக்கும் போடலாம். அப்பாவுக்கு நான் இத போட்டு வைக்கல. அவர் போன் லாக் நம்பரே எங்களுக்கு தெரியாம போச்சு, உள்ள என்ன போட்டோ இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உங்களுக்கும் அத போட்டுடுவோம், சித்தி பேரும் என் பேரும்.

சனிக்கிழமை காலைல கூப்பிடறேன். பேப்பர் பேனா எடுத்து வையுங்க, கண்ணாடிய தேடி வையுங்க, உடஞ்ச போன்ல சார்ஜ் ஏறுதான்னு இன்னைக்கே பாத்து சொல்லுங்க. ஏறலன்னா சார்ஜர் பின்ன கொஞ்சம் ஆட்டி வச்சு பாருங்க, அப்பவும் ஏறலன்னா நான் கூப்பிடற வரைக்கும் பவர் பட்டன தொடாதீங்க, இருக்கற சார்ஜ் இருக்கட்டும்.