மைனி, லீவுல ஒரு நாள் மேற்க வாங்க

அன்புள்ள மைனிக்கு,

கிறிஸ்துமஸ் லீவுக்கு பிள்ளைகளோட வாறீங்கன்னு அண்ணன் சொன்னான், ரொம்ப சந்தோஷம். ஆனா பிளானைக் கேட்டா சூரிய உதயம், போட்டு, விவேகானந்தர் பாறை, புதுசா வந்த கண்ணாடிப் பாலம், அவ்வளவுதானாம். அதெல்லாம் பாருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு நாளாவது கன்னியாகுமரியை விட்டுட்டு மேற்க வரணும் மைனி, எனக்காக.

காலையில உதயகிரி கோட்டை. நாகர்கோவில்ல இருந்து தக்கலை போற வழியில புலியூர்க்குறிச்சியில மெயின் ரோட்டுப் பக்கமே இருக்கு. கோட்டைன்னதும் வெயில்ல காயுற சுவருன்னு நினைச்சிராதீங்க, உள்ள வனத்துறை பூங்கா வச்சிருக்காங்க, கல்மதிலுக்குள்ள முழுக்க மரமும் நிழலும்தான், பிள்ளைக பாட்டுக்கு ஓடட்டும். நீங்க மட்டும் கொஞ்சம் உள்ள நடந்து போனா கூரை இல்லாத ஒரு பழைய சர்ச் வரும், அதுலதான் டிலனாய் கல்லறை, லத்தீன்லயும் தமிழ்லயும் எழுதியிருக்கு. 1741-ல டச்சுக்காரங்க படையோட குளச்சலுக்கு வந்து திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாகிட்ட தோத்துப் பிடிபட்ட ஆளு, அப்புறம் அதே ராஜாவுக்கு படையைப் பழக்கி, இந்தக் கோட்டையையும் பலப்படுத்தி, வலிய கப்பித்தான்னு பேரு வாங்கி, 1777-ல இங்கேயே செத்துட்டார். பொண்டாட்டி, மகன் கல்லறையும் பக்கத்துலயே இருக்கு. எனக்கு எப்ப போனாலும் அந்த இடத்துல மனசு கனத்துரும், எங்கேயோ பிறந்தவரு, ஊருக்குத் திரும்பவே இல்லையே.

அதனாலதான் மத்தியானம் குளச்சல் போகணும்னு சொல்றேன். கடற்கரைகிட்ட அந்தச் சண்டையில ஜெயிச்சதுக்கான வெற்றித்தூண் நிக்குது, காலையில கல்லறையைப் பாத்துட்டு வந்தா அது வெறும் தூணா தெரியாது, பெரியவன் எட்டாங்கிளாஸ்தானே, அவனுக்கு நல்லா பிடிபடும். வழியில மட்டி வாழைப்பழம் கண்ணுல பட்டா விட்றாதீங்க, 2023-ல புவிசார் குறியீடு கிடைச்ச பழம், விரல் மாதிரி சின்னதா இருக்கும், அந்த மணம் நீங்க சென்னையில வாங்குற பழத்துல வராது.

சாயங்காலம் முட்டம். லைட் ஹவுஸ், செம்மண் மேடு, கீழ பாறை, அதுல அலை வந்து அடிக்கிற அடி. மேற்க பாத்த கடல், சூரியன் நேரா தண்ணிக்குள்ள இறங்கும். மேட்டு மேலேயே நடங்க, மணல் பக்கமும் நடக்கலாம், ஆனா பாறையில மட்டும் பிள்ளைகளை இறங்க விடவே கூடாது, பாக்க அமைதியா இருக்கும்போதே திடீர்னு பெரிய அலை ஏறிவரும், இழுத்துட்டுப் போயிரும். செல்ஃபி எடுக்கணும்னு அவன் கெஞ்சினாலும் விடாதீங்க, இதை நீங்க எனக்கு சத்தியம் பண்ணித் தரணும்.

31-ம் தேதியும் 1-ம் தேதியும் வேண்டாம், எங்க பாத்தாலும் கூட்டமா இருக்கும். அதுக்கு முந்தி ஏதாவது ஒரு நாளை முடிவு பண்ணி போன் போடுங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைக்கச் சொல்லி அம்மாகிட்ட இப்பவே சொல்லியாச்சு.

அன்புடன்,
உங்க கொழுந்தன்