குண்டுமணியின் எடை

உவர்மலை,
திருகோணமலை.
15.06.2025

அன்பின் சாந்தி,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிறது. உடனே பதில் போடவில்லை என்று திட்டப்போகிறாய். காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு. வீட்டில் ஒரு பிள்ளைப்பேறு. மகளுக்கு இல்லை, பயப்படாதே. குண்டுமணிக்கு.

பேரன் ஆதிக்கு 'பெரூவியன் ஜயண்ட்' என்று கினிப்பன்றி ஒன்று, எலிச் சாதிச் செல்லப்பிராணி, வாங்கியிருக்கிறோம் என்று போன கடிதத்தில் பெருமையடித்தேன் அல்லவா? நீயும் உன் பக்கத்து வீட்டு எக்குவடோர்க்காரியைப் பற்றி எழுதி, அவள் ஊரில் இது கோழி மாதிரிக் கறிக்கு வளர்க்கிற சாமான் என்று சொல்லி, "உன்னுடையதும் அந்தச் சாதிதானா, நல்லாய்ப் பார்த்துச் சொல்லு" என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். அதற்குள் அது மூன்று குட்டி போட்டுவிட்டது.

முதலில் இருந்து சொல்கிறேன். மார்ச் கடைசியில் வாங்கினோம். எங்கே வாங்கினோம் என்பது வேண்டாம், பிறகு சண்டைக்கு வருவார்கள். சாதாரணக் கினிப்பன்றியின் விலையைப் போல இரண்டு மடங்கு. ஆதி அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்த பிறகு அம்மம்மாவுக்குப் பேரம் பேச வாய் வருமா? ரோமம் வழுவழுப்பாக, குட்டையாக, தேன் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு இருந்தது. பெயரில் இருந்த பித்தலாட்டம் அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பெரூவியன் என்பது ஐரோப்பாவில் அழகுக்காக வளர்த்தெடுத்த நீண்ட ரோமக்காரி. முன்னும் பின்னும் தெரியாமல் தரையில் தோகை இழுத்துக்கொண்டு திரியும். அதற்கும் உடம்பின் பருமனுக்கும் சம்பந்தமே இல்லை. தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் இறைச்சிக்கு வளர்க்கிறதற்குப் பெயர் 'கூய்', அதில்தான் பெரிய சாதி இருக்கிறது. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரு பெயர் வைத்திருக்கிறார். பென்சன் எடுத்த விஞ்ஞான டீச்சர் ஒருத்தி காசைக் கொடுத்து அதை நம்பி வாங்கியிருக்கிறாள்.

கூய் சின்ன விஷயம் இல்லை, சாந்தி. அந்தீஸ் மலைச் சனங்கள் பல ஆயிரம் வருஷமாக இதை அடுக்களையில் விட்டு வளர்க்கிறார்கள். பெரிதாக வளர்கிற சாதியை எடுக்க வேண்டும் என்று பெருவின் விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் போன நூற்றாண்டின் பின்பாதியில் தெரிவு செய்து செய்து இனம் கூட்டினார்கள். அப்படி வந்தவைதான் 'பெரு', 'அந்தினா', 'இந்தி' என்ற இனங்கள். பெரு கெதியாக எடை போடும், சிவப்பும் வெள்ளையும். அந்தினா முழு வெள்ளை, நிறையக் குட்டி போடும். நம்முடைய செல்லக் கினிப்பன்றி நன்றாக வளர்ந்தால் பெண் முக்கால் கிலோவில் இருந்து ஒரு கிலோவுக்குள், ஆண் அதைவிடக் கொஞ்சம் கூட. கூய் இரண்டு கிலோவைத் தாண்டும், சிலது நாலைத் தொடும். உன் பக்கத்து வீட்டுக்காரி பொய் சொல்லவில்லை. அவள் அதைச் சாப்பிடுவாள் என்பதற்காக நீ முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை. உங்கள் வீட்டுக் கோடிக்குள் வளர்த்த முயல்களுக்குப் பெயர் வைத்துத்தானே கறி வைத்தீர்கள்? நானும் ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எடையில் இருந்து தொடங்கலாம் என்று, கேக் செய்ய வாங்கின இலத்திரன் தராசில் சின்னக் கடகப்பெட்டியை வைத்து, பெட்டியின் எடையைக் கழித்து, ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்தோம். ஆதி கொப்பியில் கோடு போட்டு எழுதினான். வந்த அன்று 640 கிராம். ஐந்து கிழமையில் 1,020. அடுத்த கிழமை 1,180. அவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். குன்றிமணியில் பொன் நிறுத்த சாதி நாங்கள், இதுவோ நாளுக்கு நாள் குண்டாகிறது என்று 'குண்டுமணி' என்ற பெயரை நான்தான் வைத்தேன்.

இதற்கு மேல் விரல் வேறு. கினிப்பன்றிக்கு முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று. கூய்களில் கூடுதல் விரல் அடிக்கடி இருக்கும். குண்டுமணியின் இடது பின்னங்காலில் நாலாவதாக ஒரு சின்ன விரல், நகத்தோடு! "அம்மம்மா, இது கூய்தான்" என்று ஆதி தீர்ப்புச் சொல்லிவிட்டான். நானும் பாதி நம்பினேன். பிறகுதான் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. செவல் ரைட் என்று அமெரிக்காவில் ஒரு பரம்பரையியல்காரர் வாழ்நாள் முழுக்கக் கினிப்பன்றி வளர்த்தே ஆராய்ச்சி செய்தவர். ஒரே குடும்பத்துக்குள் இனம்பெருக்கின சாதாரணக் கினிப்பன்றிகளில் இந்த நாலாம் விரல் ஏன் சிலதுக்கு வருகிறது, சிலதுக்கு வரவில்லை என்று 1934இல் எழுதியிருக்கிறார். அதனால் விரலை வைத்து மட்டும் சாதி சொல்ல முடியாது. கூய் எல்லாவற்றுக்கும் கூடுதல் விரல் இருக்கும் என்றும் இல்லை.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? ஒரு அடையாளத்தை நம்பாதே, எல்லாவற்றையும் சேர்த்துப் பார். குட்டியில் எந்த வேகத்தில் வளர்ந்தது என்பது முக்கியம். கூய்க் குட்டி இரண்டு மாதத்திலேயே ஒரு கிலோவை நெருங்கிவிடும். தலையும் முகமும் பெரிதாக, எலும்பு தடித்து இருக்கும். குணமும் வேறு. கையில் எடுத்தால் பதறும், துள்ளும். சாதாரணக் கினிப்பன்றி தாண்டாத தடுப்பை இது தாண்டும். மடியில் படுத்துக் குறுகுறுப்பது இதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. குண்டுமணியோ என் சீலை மடிப்புக்குள் புகுந்தால் வெளியே வராது, தொலைக்காட்சியில் செய்தி முடியும் வரை அங்கேதான். அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். இன்னொன்றையும் உன் பேத்தியிடம் சொல்லிவை. கூய் செல்லமாக வளர்க்க உகந்ததா என்றால் நான் இல்லை என்றுதான் சொல்வேன். கெதியாக வளர்ந்து கறியாவதற்கென்று தெரிவு செய்த உடம்பு, சாதாரணக் கினிப்பன்றி போல ஐந்து, ஆறு, ஏழு வருஷம் தாக்குப்பிடிப்பது குறைவு. சின்னப் பிள்ளையின் மனது தாங்க வேண்டுமே.

மே நடுவில் சாப்பாடு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஓட்டோவில் போட்டு மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். சின்னப் பெடியன்தான், ஆனால் கை நல்ல பக்குவம். வயிற்றை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது எப்படி இருந்த இடத்தில் இருந்து வந்தது? ஆண்களோடா?" என்று கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளைத்தாச்சிக் கினிப்பன்றி கடைசி நாட்களில் தன் எடையைப் போல இரண்டு மடங்கு ஆகும். எங்கள் 'ஜயண்ட்' அதுதான். ஆதியின் கொப்பியில் ஏறின கிராமில் பாதிக்கு மேல் பிள்ளைத்தாச்சி வயிற்றின் கிராம்.

சிரிக்கிறாய், எனக்குத் தெரியும். அந்த இரண்டு கிழமை நான் பட்ட பாடு சிரிப்பு இல்லை. முதல் பேறு ஆறு ஏழு மாத வயதுக்குள் நடக்காவிட்டால் இதுகளின் இடுப்பெலும்பு முன்பக்கத்தில் இறுகிப்போகும். பிறகு குட்டி வெளியே வர வழி இராது, தாயும் போய்விடும். குண்டுமணியின் வயது எனக்கு எப்படித் தெரியும்? இரவில் இரண்டு தரம் எழும்பி டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

வெயில் வேறு. உனக்கு மறந்திருக்கும், இந்த மாதங்களில் கச்சான் வீசும். காற்றைச் சொல்கிறேன், கடலையை இல்லை. மத்தியானத்தில் அடுப்பு வாயில் நிற்கிற மாதிரி இருக்கும். கினிப்பன்றிக்கு 18இல் இருந்து 24 பாகை போதும், 30ஐத் தாண்டினால் வெப்பத்தில் சுருண்டுவிடும். வியர்க்காத உடம்பு, அதுவும் வயிறு நிறையப் பிள்ளை. லவோசியே, லப்லாஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1783 அளவில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டிக்கு நடுவே பெட்டிக்குள் வைத்து, அது எவ்வளவு பனியை உருக்குகிறது என்று அளந்தார்கள், மூச்சு விடுவதும் எரிவதும் ஒன்றுதான் என்று காட்ட. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் "பாவம்" என்பேன். இப்போது அதை நினைத்தால் கொடுத்து வைத்த பிராணி என்று தோன்றுகிறது. நான் செய்தது இவ்வளவுதான்: வடக்குப் பக்க விறாந்தையில் பழைய மண்பானையைப் படுக்கப் போட்டு, மேலே ஈரச்சாக்கு. தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து, துவாயில் சுற்றிப் பக்கத்தில். கரண்ட் போகிற நாளில் கடையில் ஐஸ் வாங்கினேன். மரக்காலைத் தூள் போடவில்லை, தூசி நெஞ்சுக்குக் கூடாது. பழைய பருத்திச் சீலையைக் கிழித்து விரித்தேன்.

சாப்பாட்டில் ஒரு பிழை விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் முயலுக்கு விற்கிற தீனியையே போட்டேன். பத்து நாளில் நடை தளர்ந்தது, தொட்டால் கத்தியது. நம்மைப் போல இதுவும் உயிர்ச்சத்து சியை உடம்பில் செய்யத் தெரியாத பிராணி. முயல் தானே செய்துகொள்ளும், அதனால் அதன் தீனியில் சேர்ப்பதில்லை. 1907இல் நோர்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் கப்பல்காரரின் நோய் ஒன்றை ஆராய்வதற்குக் கினிப்பன்றிக்கு வெறும் தானியம் கொடுத்தபோது, அதற்கு வந்தது உயிர்ச்சத்து சி இல்லாமல் பல்லீறில் இரத்தம் கசியும் ஸ்கேர்வி. பிறகு அந்த நோயைப் படிப்பதற்கே இந்தப் பிராணிதான் உதவியது. துறைமுகப் பட்டினத்தில் பிறந்து வளர்ந்து இதைப் படிப்பித்த எனக்கு, சொந்த வீட்டில் மறந்து போயிற்று. கொய்யா, கறிமிளகாய், கொத்தமல்லித்தழை, வல்லாரை என்று மாற்றினோம். நாலு நாளில் பழையபடி விசிலடித்தது. முருங்கையிலை மட்டும் கொஞ்சமாகத்தான், சுண்ணாம்புச் சத்து கூடினால் சிறுநீர்ப்பையில் கல் வரும்.

முக்கியமான சாப்பாடு புல்தான். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். நீங்கள் அங்கே பெட்டியில் வாங்குகிற உலர்புல் இங்கே தங்க விலை. பாலையூற்றில் இருந்து பால் கொண்டுவருகிறவர் மாட்டுக்கு வெட்டுகிற கினிப்புல்லில் ஒரு கட்டு தருகிறார். புல் உண்மையிலேயே ஆபிரிக்காவில் இருந்து வந்தது. பன்றி கினியிலும் பிறக்கவில்லை, பன்றியும் இல்லை. தெலுங்கில் பெருச்சாளிக்குப் 'பந்திகொக்கு' என்று பெயர், பன்றி எலி. பழைய தமிழ் அகராதிக்காரர் கினிப்பன்றியைச் சீமைப் பெருச்சாளி என்றார்கள். எலியைப் பார்த்தால் பன்றி ஞாபகம் வருவது எல்லா ஊர்ச் சனத்துக்கும் பொது போல.

போன மாதம் 27ஆம் திகதி, விடியற்காலைப் பாங்கு கேட்கிற நேரம். எழும்பிப் போனால் பானைக்குள் நாலு சோடிக் கண். கண் திறந்து, ரோமம் முளைத்து, பல்லும் வைத்துக்கொண்டு பிறந்திருக்கின்றன. வெள்ளெலிக் குட்டி மாதிரிச் சிவந்த சதைத் துண்டு இல்லை. அடுத்த நாளே புல்லைக் கடித்தன. நிறுத்தோம்: 88, 92, 79 கிராம். தாய் 830. ஆதி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ ஜயண்ட் இல்லையா?" என்று கேட்டான். அழப்போகிறான் என்று நினைத்தேன். கொப்பியில் மூன்று புதுப் பக்கம் திறந்து மூன்றுக்கும் கோடு போட்டான்.

இரண்டு ஆண், ஒரு பெண். மூன்று கிழமையில் ஆண்களைத் தாயிடம் இருந்து பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சின்னவன்களே அடுத்த பிரச்சினை. அந்த நாள் நாளை மறுதினம் வருகிறது. மருமகன் பலகை அறுத்து இன்னொரு கூடு அடிக்கிறார். பெண்குட்டி தாயோடு இருக்கும், அது நல்லது. இதுகளைத் தனியாக வளர்ப்பது பாவம், சுவிற்சலாந்தில் ஒன்றை மட்டும் தனியாக வைத்திருக்கச் சட்டமே இடம் தராது. நான் ஒன்றைத்தான் வாங்கினேன், குண்டுமணி தானாகவே துணை கொண்டுவந்துவிட்டது.

உன் முழங்கால் எப்படி? ஊசி போட்ட பிறகு படி ஏறுகிறாயா? டிசம்பரில் வருவதாகச் சொன்னதை மறக்காதே, ஆனால் அது மழைக் காலம், விறாந்தையில் கினிப்பன்றி இருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டை மான்களுக்கு நீ முந்தி வாழைப்பழத்தோல் கொடுப்பாயே, அதுகள் இப்போது கடைத்தெருவுக்கே வந்து பொலித்தீன் தின்கின்றன. பார்க்க மனம் கேட்காது.

ஆண்குட்டி இரண்டுக்கும் ஆதி பெயர் வைத்துவிட்டான், கிலோ, கிராம். பெண்ணுக்கு இன்னும் வைக்கவில்லை. தாயின் நாலாம் விரல் அதற்குத்தான் வந்திருக்கிறது, அதே இடது பின்னங்காலில். உன் பேத்தியிடம் கேட்டு ஒரு பெயர் எழுது.

உன்,
மங்கை