அந்தக் கோப்புகளை மறுபடியும் திறந்துவையுங்கள்

பெய்ஜிங்கில் உள்ள சீன வெளியுறவு அமைச்சக ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2004-இல் நீங்கள் ஒரு பெரிய காரியம் செய்தீர்கள். 1949 முதல் 1955 வரையிலான கோப்புகளில் ஒரு பகுதியை வெளியார் வந்து படிக்கலாம் என்றீர்கள். 2006-இல் 1960 வரையிலானவை வந்தன, 2008-இல் 1965 வரையிலானவை. சீன-சோவியத் கூட்டணி பிறந்ததும் முறிந்ததும் அந்தப் பதினேழு ஆண்டுகளுக்குள்தான். 2013 வாக்கில் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டீர்கள். அவற்றை மறுபடியும் வெளியே வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். என் அப்பா தொழிற்சங்கக்காரர். 1963 ஆகஸ்டில் உங்கள் பீக்கிங் (பெய்ஜிங்கை அன்று அப்படித்தான் சொன்னோம்) வானொலி தமிழில் பேசத் தொடங்கியது. மாஸ்கோ வானொலியும் தமிழில் பேசியது. அடுத்த ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். எங்கள் சங்கரய்யாவும் அவர்களில் ஒருவர். பிளவுக்கு உள்நாட்டுக் காரணங்களும் நிறைய உண்டு. ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த தோழர்கள் ஒருவரை ஒருவர் "மாஸ்கோக்காரன்", "பீக்கிங்காரன்" என்று ஏசிக்கொண்டதை அப்பா கடைசிவரை வலியோடுதான் சொல்வார். ஏன் சண்டை வந்தது என்று கேட்டால் கொள்கை வேறுபாடு என்பார். திரிபுவாதம் (மார்க்சியத்தைத் திரிப்பது), சமாதான சகவாழ்வு (முதலாளித்துவ நாடுகளோடு போரின்றி வாழ்வது) என்று விளக்குவார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த தாள்களில் அவ்வளவுதான் இருந்தது.

நான் படித்துத் தெரிந்துகொண்டது வேறு. அவநம்பிக்கை சண்டைக்கு முன்பே, கூட்டணியின் முதல் நாளிலிருந்தே இருந்தது. 1949 டிசம்பர் 16 அன்று மாவோ ரயிலில் மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். டிசம்பர் 21 அன்று ஸ்டாலினின் எழுபதாவது பிறந்தநாள் விழா. அதன்பின் நகருக்கு வெளியே ஒரு மாளிகையில் நாள்கணக்கில் காத்திருந்தார். சாப்பிடவும் தூங்கவுமா இங்கே வந்தேன் என்று கோபப்பட்டார். ஒப்பந்தம் கையெழுத்தானது பிப்ரவரி 14-இல். இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களான சூ என்லாயும் விஷின்ஸ்கியும் கையெழுத்திட்டார்கள். 30 ஆண்டு நட்பு, 1 சதவீத வட்டியில் 30 கோடி டாலர் கடன். அதோடு ரகசியமாக ஓர் இணைப்பும் இருந்தது. சோவியத் எல்லையை ஒட்டிய சீனப் பகுதிகளான மஞ்சூரியாவிலும் சின்ஜியாங்கிலும் மூன்றாம் நாட்டவருக்கு இடம் தரக்கூடாது என்றது அது. தன் மண்ணில் யாரை விடலாம் என்பதைப் புதிதாய் விடுதலை பெற்ற நாடு இன்னொருவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது. மாவோ அதை மறக்கவே இல்லை.

இரண்டு பக்கத்துத் தாள்களும் ஏன் வேண்டும் என்பதற்குக் கொரியப் போரே சாட்சி. 1950 அக்டோபர் 1 அன்று வட கொரியாவுக்கு உதவப் படை அனுப்பும்படி மாவோவை ஸ்டாலின் கேட்டார். மறுநாள் தேதியிட்ட மாவோவின் பதில், சீனாவில் வெளியான தொகுப்பில் 'அனுப்புகிறோம்' என்கிறது. 1990-களில் மாஸ்கோ காப்பகத்திலிருந்து வந்த பதிலோ 'இப்போது அனுப்ப இயலாது' என்கிறது. ஒரு தரப்பு போலி செய்திருக்கிறது என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். உங்கள் நாட்டு வரலாற்றாசிரியர் ஷென் ஜிஹுவாதான் முடிச்சை அவிழ்த்தார். சீனப் பிரதி மாவோவின் கையெழுத்தில் இருக்கிறது, ஆனால் அனுப்பப்பட்டதற்கான குறிப்பு அதில் இல்லை. எழுதிவைத்து அனுப்பாமல் விட்ட தாள் அது. தோழர்களிடையே கருத்து ஒன்றுபடாததால், சோவியத் தூதரிடம் வேறு பதில் போயிற்று. போலி என்ற பழி இரண்டு நாட்டின் மேலிருந்தும் விலகியது. அந்தத் தாள் உங்கள் அலுவலகத்தைச் சேர்ந்ததல்ல, தெரியும். ஆனால் அக்டோபரின் அந்த இரண்டு வாரத் தயக்கத்தை மாஸ்கோ ஆவணங்களை மட்டும் வைத்து எழுதினால், மாவோ வெறுமனே பேரம் பேசியவராகத் தெரிவார். உள்ளே நடந்த வாதம் தெரியும்போதுதான் ஒரு களைத்த நாட்டின் உண்மையான பயம் தெரிகிறது.

இன்றைக்கு நடப்பது அதுதான். கூட்டணியைப் பற்றி எழுதுகிறவர்கள் மாஸ்கோ ஆவணங்களையும் உங்களிடமிருந்து முன்பு எடுத்த குறிப்புகளையும் வைத்தே எழுதுகிறார்கள். 1958-இல் மாஸ்கோவிலிருந்து கூட்டு நீர்மூழ்கிக் கப்பற்படை யோசனை வந்தபோது, சோவியத் தூதர் யூதினிடம் மாவோ கொதித்ததும், சோவியத் தலைவர் குருஷேவ் பதறி பெய்ஜிங்குக்குப் பறந்து வந்ததும் அப்படித்தான் நமக்குத் தெரியும். நீச்சல் தெரியாத குருஷேவை மாவோ நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போன கதை எல்லோருக்கும் தெரியும். அன்று சீனத்தரப்பு எதற்கு அஞ்சியது என்பதை அந்தக் கதை சொல்லாது.

எனக்கு மிகவும் வேண்டியது 1960. சீனாவில் வேலை செய்த சோவியத் நிபுணர்களைத் திரும்ப அழைத்துக்கொள்கிறோம் என்று ஜூலை 16 அன்று மாஸ்கோவிலிருந்து குறிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குள் 1,390 நிபுணர்கள் திரும்பிவிட்டார்கள், 343 ஒப்பந்தங்கள் ரத்தாயின என்று உங்கள் அரசே சொன்னது. நாட்டில் அப்போது பஞ்சம், மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆலைகள் பாதிக் கட்டடத்தோடு நின்றுபோயின. சீனத் தொழிலாளர்களோடு வருடக்கணக்கில் தோளோடு தோள் நின்ற சோவியத் பொறியாளர்களில் பலருக்குப் போக மனமே இல்லை. பஞ்சத்துக்கு அந்த வெளியேற்றம் எவ்வளவு காரணம், உள்நாட்டுக் கொள்கை எவ்வளவு காரணம் என்று இன்றும் வாதம் நடக்கிறது. என் எண்ணத்தில் கொள்கைதான் பெரிய காரணம், பட்டினி அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. நான் நினைப்பது தவறாகக்கூட இருக்கலாம். உங்கள் தாள்களைக் காட்டித் திருத்துங்கள்.

இதை வெளியிட்டால் அண்டை நாட்டு உறவு கெடும் என்று தயங்குகிறீர்களா? இரு நாட்டு எல்லையான உசூரி ஆற்றில் 1969-இல் ரத்தம் சிந்தவைத்த தீவு உங்களுடையது என்று 1991 ஒப்பந்தத்திலேயே முடிவாகிவிட்டது. மிச்ச எல்லையும் 2004-இல் தீர்ந்தது. அந்த 30 ஆண்டு ஒப்பந்தம் காலாவதியானதே 1980-இல். கையெழுத்திட்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. 1960 ஜூலை, ஆகஸ்ட் மாதக் கோப்புகளிலிருந்து தொடங்கலாம். நிபுணர்கள் ரயில் ஏறியபோது ஆலைகளிலிருந்தும் மாகாணங்களிலிருந்தும் உங்கள் அமைச்சகத்துக்கு என்ன எழுதினார்கள் என்று படிக்க வேண்டும். அப்பா இப்போது இல்லை. அவரோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட தோழர் ஒருவர் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார். கிடைத்தால் அவருக்கு நானே தமிழில் வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்