பூட்டி வைத்த நிரலும் களவு போகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் ஒன்றரை வருடமாக ராத்திரி கண்விழித்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருக்கிறான். போன வாரம் வந்து, "மாமா, சோர்ஸ் கோட் மொத்தத்தையும் கிட்ஹப்ல போட்டுடலாமான்னு பாக்குறேன், ஆனா எவனாவது தூக்கிட்டுப் போய் வித்துட்டா?" என்றான். (சோர்ஸ் கோட் என்பது கேமை இயக்க எழுதிய நிரல், கிட்ஹப் என்பது நிரலை ஊரறியப் போட்டு வைக்கும் இணையதளம்.) தனியாளாக கேம் செய்யும் பிள்ளைகள் இப்போது நிறைய இருப்பதால், அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அவன் பயம் வீண் பயமில்லை. குங்ஃபூ சண்டை போடும் முயலை வைத்து லுகாரு என்றொரு கேம். வுல்ஃபையர் என்ற சின்ன நிறுவனம் 2010 மே மாதம் அதன் நிரலை ஜிபிஎல் உரிமத்தில், அதாவது அதே நிபந்தனையோடு யாரும் எடுத்து மாற்றலாம், பகிரலாம் என்ற அனுமதியோடு, வெளியிட்டது. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே வேறு யாரோ அதை அப்படியே ஆப்பிளின் மேக் ஆப் ஸ்டோரில் 1.99 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள், அசல் அங்கேயே 9.99 டாலர்! ஆனால் ஒன்று, திறந்துவிட்டது நிரலை மட்டும்தான். படம், இசை, கதாபாத்திரம் எதையும் விற்க யாருக்கும் அனுமதி தரவில்லை. ஜிபிஎல் நிரலை விற்கத் தடையில்லை, முயலை விற்றதுதான் களவு.

சரி, பூட்டி வைத்தால் தப்பிக்கலாமா? த்ரீஸ் என்ற எண் விளையாட்டை ஒரு சிறு குழு 14 மாதம் உழைத்து 2014 பிப்ரவரியில் வெளியிட்டது, நிரலை யாருக்கும் காட்டவில்லை. மார்ச்சிலேயே அதே ஜாடையில் 2048 வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து விரல் தேய நாம் ஆடியது அதைத்தான், அசலை எத்தனை பேருக்குத் தெரியும்? (வேடிக்கை என்னவென்றால், 2048தான் ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.) காப்பியடிக்கிறவனுக்கு நிரல் எதற்கு, நாலு தடவை ஆடிப் பார்த்தால் போதாதா?

முதலில் விற்றுவிட்டு, பிறகு நிரலைத் திறந்தவரும் உண்டு. டெர்ரி கவனா என்ற கேம் வடிவமைப்பாளரின் கேம் ஒன்று, ஆங்கில 'வி' எழுத்தை ஆறு தடவை எழுதினால் அதுதான் பெயர். 2010இல் வந்தது, பத்து வருடம் விற்றுவிட்டு 2020 ஜனவரியில் நிரலை வெளியே வைத்தார். முழு ஓப்பன் சோர்ஸ் இல்லை, அதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. உள்ளே பார்த்தால், பிரித்துப் பிரித்து எழுதாமல், கேமின் நூற்றுக்கணக்கான கட்டங்கள் 'ஸ்விட்ச்' என்ற ஒரே கட்டளைக்குள் அடைந்து கிடக்கின்றன! சிரித்தவர்கள் சிரித்தார்கள், எனக்கு என்னவோ தெம்பாக இருந்தது. அப்புறம் ஆர்வலர்கள் கைவைத்துச் சரிசெய்ய, 2024இல் வந்த 2.4 பதிப்பில் கேம் பல மொழிகளில் பேசியது.

நானும் இருபது வருடத்துக்கு முன் ஆடுபுலி ஆட்டத்தை கம்ப்யூட்டருக்கு எழுதினேன். ஒருத்தருக்கும் காட்டாமல் பத்திரமாக வைத்திருந்தேன், ஹார்ட் டிஸ்க் போனது, ஆடும் போச்சு புலியும் போச்சு.

அதனால் முதலில் ஒன்றிரண்டு வருடம் விற்றுக்கொள், பிறகு நிரலை மட்டும் வெளியே விடு, படத்தையும் பாட்டையும் உன் பெயரிலேயே வைத்துக்கொள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடுராத்திரி கோபத்துல கமெண்ட்ல கன்னாபின்னான்னு எழுதி வெச்சிருக்கேன் மாமா, அதை எல்லாம் அழிச்சுட்டுப் போடறேன்" என்றான்.

ஒரு வாசகர், ஈரோடு