எண்ணெய்ச் சட்டித் தீயும் ஏப்ரல் மாதச் செயல்விளக்கங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அச்சப்பம் சுட்டுக்கொண்டிருந்த நான், வாசலில் வந்தவரிடம் சற்று நேரம் பேசி நின்றுவிட்டு அடுக்களைக்குத் திரும்பியபோது, சட்டியிலிருந்த தேங்காய் எண்ணெய் புகைந்து என் கண்ணெதிரிலேயே தீப்பற்றியது. கை தானாகத் தண்ணீர்க் குடத்துக்குப் போனது. "தண்ணிய தொடாத மக்களே" என்று அதட்டிய என் மாமியார், இட்லிப் பானை மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்திச் சட்டியை மூடிவிட்டு அடுப்பை அணைத்தார். தீ அடங்கியது.

தீப்பிடித்த எண்ணெயின் சூடு 300 டிகிரி செல்சியஸையும் தாண்டியிருக்கும். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அதன் அடியில் இறங்கி, அக்கணமே ஏறத்தாழ 1,700 மடங்கு நீராவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும். அடுப்புக்கு மேலே பரணில் கொதும்பும் (தென்னம்பாளை) சிரட்டையும் அடுக்கி, புகை படட்டும் என்று ரப்பர் ஷீட்டையும் தொங்கவிட்டிருக்கும் நம் பகுதி வீடுகளில் அது எங்கே போய் முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எரியும் சட்டியை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் தவறு. மூடிய சட்டியை நன்றாக ஆறும்வரை திறக்கவும் கூடாது. சூடு குறையாத எண்ணெய் காற்றுப் பட்டதும் மீண்டும் பற்றிக்கொள்ளும்.

விறகடுப்பும் கேஸ் அடுப்பும் ஒரே அறையில் இருப்பது இங்கே சாதாரணம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, கீழே கனன்றுகொண்டிருக்கும் ரப்பர் விறகுத் தணலைத் தேடிப் போகும். வாடை வந்தால் மின்சுவிட்சைப் போடாமலும் அணைக்காமலும் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய் 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். (சுட்ட புண்ணில் பற்பசையும் எண்ணெயும் தடவும் வழக்கத்தை எப்போது விடப்போகிறோமோ தெரியவில்லை, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதே முதல் சிகிச்சை.)

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புத் துறையின் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அப்போது நான் பார்த்த செயல்விளக்கங்களில் எல்லாம், எரியும் சிலிண்டரை ஈரச்சாக்கு போட்டு அணைத்துக் காட்டினார்களே தவிர, எண்ணெய்ச் சட்டியை யாரும் காட்டவில்லை. சிலிண்டர் தீயை அணைப்பதும் தேவையான பயிற்சிதான் என்றாலும், நேந்திரங்காய் சிப்ஸும் முறுக்கும் முந்திரிக்கொத்தும் வீட்டுக்கு வீடு பொரிபடுவது ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்புதான். ஆகவே தீயணைப்புத் துறையினர் ஆகஸ்டிலும் நவம்பரிலும் மகளிர் சுய உதவிக்குழுக் கூட்டங்களுக்கு வந்து, ஓர் இரும்புச் சட்டியையும் அதற்கேற்ற மூடியையும் வைத்து இதைச் செய்து காட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டங்களுக்கு வீட்டு ஆண்களையும் அழைப்பது நல்லது. எங்கள் வீட்டில் அன்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாவதாக ஓடிவந்தவர் என் கணவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.