பயணத்துக்கு முன் ஒரு வார்த்தை

அன்பு மகள் கயலுக்கு,

நீ பேசி நாளாகிறது. வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள், சரி. ஆனால் கடைசியாகப் பேசியபோது அந்த அமெரிக்க விமானப்படைத் திட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாய். என்னவென்று நான் கேட்கவில்லை. சொல்லக்கூடாததாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் ரீஸ் ராத் என்றொரு பேராசிரியர் இருந்தார். பிளாஸ்மா இயற்பியலில் பெரிய ஆள். ஆளில்லா விமானம் தொடர்பான விமானப்படைத் தகவலைச் சீன, ஈரானிய மாணவர்கள் பார்க்க விட்டார், சீனாவுக்கும் கையோடு கொண்டுபோனார். பல்கலைக்கழக அதிகாரி முன்பே எச்சரித்தும் கேட்கவில்லை. ராணுவத் தொழில்நுட்பம் அனுமதியின்றி வெளிநாட்டவர் கைக்குப் போகாமல் தடுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மீறியதாக 2008இல் குற்றவாளி என்று தீர்ப்பு. அடுத்த ஆண்டு, எழுபது கடந்த வயதில், நான்கு ஆண்டு சிறைத்தண்டனை. அத்தனை படித்தவர்!

உன் பெயர் முதலில் வந்த கட்டுரையைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டேன். அந்தப் பெருமையோடுதான் இதையும் சொல்கிறேன். "நாங்கள் செய்வது அடிப்படை ஆய்வுப்பா, எல்லாவற்றையும் வெளியிடுகிறோம்" என்றாய். வெளியிடப்படும் அடிப்படை ஆய்வு அந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வராது; 1985இல் அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு போட்ட ஆணையிலிருந்து வரும் பாதுகாப்பு அது, உண்மைதான். ஆனால் பணம் கொடுப்பவர் ஒப்புதல் தந்தால்தான் வெளியிடுவோம் என்று கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இருக்கும்போதும் அது ஆய்வு முடிவுகளுக்குத்தான், கருவிகளுக்கோ அவர்கள் தரும் ரகசியத் தகவலுக்கோ அல்ல. பொருள் கடல் தாண்டவும் வேண்டியதில்லை. கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்பத்தை உன் ஆய்வகத்திலேயே வெளிநாட்டு மாணவருக்குத் திரையில் காட்டினால் அதுவும் ஏற்றுமதிதான். உனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, அதனால் இந்தச் சட்டத்தில் நீ வெளிநாட்டவர் இல்லை. உன் மாணவர்களுக்கு?

முன்பெல்லாம் எதையும் கேட்டுத்தான் செய்வாய். இப்போது கேட்டால், "எனக்குத் தெரியும்பா" என்கிறாய். தெரிந்தவள்தான். ஆனாலும் இதில் நீயாக முடிவு செய்யாதே. உன் பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேள். வாய்வார்த்தையாக வேண்டாம், மின்னஞ்சலில் கேள்.

மாநாட்டுக்குப் போகும்போது ஆய்வக லேப்டாப்பை எடுத்துப் போகாதே. தரவு எதுவும் இல்லாத ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் தருவார்களா என்று விசாரி. போகும் நாட்டையும் அந்த அலுவலகத்தில் சொல்லிவிடு. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்காதே.

அம்மாவின் கண் பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. மற்றவை பிறகு எழுதுகிறேன். நீ ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: ஒப்பந்தத்தில் வெளியீட்டைப் பற்றிய பத்தியை அந்த அலுவலகத்தில் காட்டிவிட்டாயா?

அப்பா