டேங்கில் ஊற்றும் 'கொஞ்சம்' மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நோய் வருமுன்னே 'இருக்கட்டும்' என்று என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தண்ணீர் டேங்கில் கொஞ்சமாக ஊற்றாதீர்கள். அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து.

ஈ.கோலை பாக்டீரியாவில் லெக்ஸ்ஏ என்றொரு புரதம் உண்டு. 202 அமினோ அமிலங்கள் கொண்டது. இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும். பிடி இருக்கும்வரை, பழுதுபார்க்கும் சுமார் 40 ஜீன்கள் அடங்கிக் கிடக்கும். லெக்ஸ்ஏவின் சொந்த ஜீனும் அதில் சேர்த்தி.

என்ரோஃப்ளாக்சசின், டி.என்.ஏ.வின் முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸ் நொதியை முடக்கி டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைந்த இடத்தின் ஒற்றை இழைமேல் ரெக்ஏ புரதம் படரும். அது பட்டதும் லெக்ஸ்ஏ 84, 85-ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே தன்னையே அறுத்துக்கொள்ளும். அதன் பிடி விட்டதும், முதலில் பிழையில்லாமல் பழுதுபார்க்கும் ஜீன்கள் விழிக்கும். சேதம் தீராவிட்டால் சுல்ஏ புரதம் செல் பிரிவதை நிறுத்திவிடும். நுண்ணோக்கியில் 2 மைக்ரான் குச்சியாகத் தெரிய வேண்டியது சேமியா போல நீண்டு கிடக்கும். கடைசியில் வரும் பாலிமரேஸ் 5 என்ற நொதி டி.என்.ஏ.வைத் தப்பும் தவறுமாகப் படியெடுக்கும். அதில் ஒரு தவறு கைரேஸ் ஜீனில் விழுந்தால் மருந்து கேட்காமல் போகலாம். கொல்லாத அளவு மருந்து இத்தனைக்கும் நேரம் கொடுக்கிறது.

லெக்ஸ்ஏ அறுபடாதபடி மாற்றிய ஈ.கோலையில், அதே குடும்பத்து மருந்தான சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிர்ப்பு உருவாகவில்லை என்று 2005-இல் வெளியான எலி ஆய்வு காட்டியது. கோழியின் உடலில் என்ரோஃப்ளாக்சசினின் ஒரு பகுதி அந்தச் சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தேவைப்படும் மருந்து அது.

கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள். வழக்கமான அளவு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ கோழிகள் ஆயிரத்துக்கு 15 கிராம். அதாவது 10 சதவீதக் கரைசலில் நாளுக்கு 150 மில்லி. லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவு என்ற கணக்கை மட்டும் நம்பினால், கோழி தண்ணீர் குறைவாகக் குடிக்கும் மழை நாளில் டோஸ் குறைந்துவிடும். போர்வெல் உப்புத் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் மருந்தைக் கட்டிப்போடும். கால்சியம் டானிக்கை அதோடு கலக்கவே கூடாது. சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுத்து, முடிந்ததும் நிப்பிள் குழாய்களை நன்றாக அலசிவிடுங்கள். குழாயில் தங்கும் மிச்சமும் அதே அரைகுறை டோஸ்தான்.

நுண்ணுயிரியல் ஆசிரியர்கள்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.